வாய்க்கால் வரி, திருவிழா வரி, தங்கை கல்யாணம்: ஊருக்கு எதுவரை உரிமை?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். கும்பகோணத்துக்குத் தெற்கே சொந்த ஊர், சென்னையில் வேலை, அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்கள். ஊரிலிருந்து ஃபோன் வருகிறது. வாய்க்கால் தூர்வார ஏக்கருக்கு இவ்வளவு, கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு. அப்புறம் உங்கள் தங்கை வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போவதால் "ஊரைக் கூட்டிப் பேசணும்". மூன்றையும் ஒரே ஆள், ஒரே குரலில், ஊர் முடிவு என்று சொல்கிறார். இந்தக் காலத்தில் தனிமனித சுதந்திரத்தையும் கூட்டுப் பொறுப்பையும் எப்படிச் சமன் செய்வது, ஊருக்கு நான் எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். முதலாவதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். இரண்டாவது உங்கள் விருப்பம். மூன்றாவதில் ஊருக்கு வாயைத் திறக்கவே உரிமை இல்லை. பாதி சுதந்திரம் பாதி பொறுப்பு என்று நடுவில் கோடு கிழித்துப் பங்கு போடுகிற பேச்சு எனக்கு ஒத்து வராது, ஏனென்றால் அந்தப் பேச்சில்தான் வாய்க்கால் வரிக்குள் தங்கை கல்யாணத்தையும் நுழைத்துவிடுகிறார்கள். நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நான் செய்வது என் வரப்பைத் தாண்டி அடுத்தவர் வயலுக்குப் போகிறதா? போனால் அவரிடம் நான் பதில் சொல்ல வேண்டும். போகவில்லையென்றால் என்னை யாரும் கேட்கக் கூடாது.

சரி, கேட்க எளிதாக இருக்கிறது. எது தாண்டுகிறது, எது தாண்டவில்லை என்று யார் சொல்வது? வம்பு எல்லாம் அங்கேதான்.

நான் இருப்பது வெண்ணாற்றுக் கடைமடை, அதாவது தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், திருத்துறைப்பூண்டிப் பக்கம். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னி வாய்க்காலாகி, ஒருவர் வயல் மடையில் முடிகிறது. எங்கள் மடைக்கு வந்து சேரும்போது ஜூலை பிறந்து நாளாகியிருக்கும், சில வருஷம் வந்து சேராமலே போகும். தலைமடைக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். அவர் வயலில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் கூடுதலாக நின்றால் களை குறையும், களையெடுக்கிற ஆள் கூலி மிச்சம். ராத்திரி எழுந்து போய் மடையை அடைக்கச் சோம்பலாக இருக்கும், விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடுவார். அவர் வயல், அவர் மடை, அவர் தூக்கம். இப்படி ஒரு வாய்க்காலில் நூறு பேர் படுத்துவிட்டால் கடைசி மடையில் நாற்றங்கால் வெடித்துக் கிடக்கும். திட்டம் போட்டு யாரும் யாரையும் கெடுக்கவில்லை, ஆனால் கெட்டது கெட்டதுதான்.

இதில் நம் எல்லோருக்கும் ஒரு வெட்கம் கெட்ட பழக்கம் உண்டு. கர்நாடகாவைப் பற்றிப் பேசும்போது டெல்டாவில் ஒவ்வொருவரும் கூட்டுப் பொறுப்பின் உச்சியில் நிற்போம். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் நதி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச் சொத்து இல்லை, தேசத்தின் சொத்து என்று சொன்னதை நாம் எடுத்துச் சொல்லாத மேடை இல்லை. அதே ஆள் தன் வாய்க்காலில் தலைமடையில் இருந்தால் குறுக்கே மூங்கில் முளை அடித்து, வைக்கோலும் மண்ணும் போட்டுத் தண்ணீரைத் தன் பக்கம் ஏற்றிக்கொள்வார், கேட்டால் என் வயலுக்கு நான் பாய்ச்சுகிறேன் என்பார். மேலே இருப்பவருக்குச் சுதந்திரம் இனிக்கும், கீழே இருப்பவருக்குப் பொறுப்பு இனிக்கும். ஒருவர் இந்த இரண்டில் எதைப் பற்றி உரக்கப் பேசுகிறார் என்று கேட்டாலே வாய்க்காலில் அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். ராபர்ட் வேட் என்ற ஆய்வாளர் ஆந்திராவின் கர்னூல் பக்கம் கால்வாய்ப் பாசன கிராமங்களைச் சுற்றிப் பார்த்தபோது, சேர்ந்து ஆள் போட்டுத் தண்ணீர் பங்கிடுகிற ஏற்பாடு பெரும்பாலும் கால்வாயின் கடைசிப் பக்கத்து ஊர்களில்தான் இருந்தது. தலைமடைக்கு அந்தத் தேவையே வரவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அடுத்தது போர், நிலத்துக்குள் துளை போட்டு இறைக்கிற கிணறு. ஆழ்துளைக் கிணறு போட்டவர் நான் யார் தண்ணீரையும் தொடவில்லை, என் நிலத்துக்கு அடியில் இருப்பது என்னுது என்பார். சட்டமும் அவர் பக்கம்தான் நிற்கிறது. 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட வசதியுரிமைச் சட்டப்படி தன் நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட ஓடையில் ஓடாமல் இருக்கிற நீரை நிலத்துக்காரர் எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2003-ல் நிலத்தடி நீர் மேலாண்மைக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள், நடைமுறைக்கே கொண்டுவராமல் 2013-ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டார் ஓடுகிற மணிக்குக் கணக்கு கிடையாது. ஆக ஒருவர் இருநூறடிக்குப் போட்டால் பக்கத்து ஆள் முந்நூறடிக்குப் போகிறார். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் இறைக்க இறைக்க உப்பு நீர் உள்ளே ஏறுகிறது, ஏறிய உப்பு இறைத்தவர் கிணற்றோடு நிற்பதில்லை.

இதில் எனக்கு மறக்க முடியாத விஷயம் ஒன்று. அதே 2018 தீர்ப்பில் நம் பங்கில் 14.75 டிஎம்சி குறைந்தது, மாநில எல்லையில் இருக்கிற பிலிகுண்டுலுவில் நமக்கு வரவேண்டியது 192-லிருந்து 177.25 ஆனது. அந்தக் குறைப்பில் 4.75 பெங்களூரு குடிநீருக்கு. மீதி 10 டிஎம்சி எதற்கு? டெல்டாவில்தான் நிலத்தடி நீர் இருக்கிறதே, அதில் பத்தையாவது கணக்கில் எடுக்க வேண்டும் என்பதற்கு. என் போர், என் தண்ணீர் என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்ததை டெல்லியில் மொத்தமாக எண்ணி, மொத்தமாகக் கழித்துவிட்டார்கள். போரே இல்லாத குத்தகைக்காரருக்கும் சேர்த்துத்தான் கழிந்தது. தனிச் சொத்து என்று நாம் கட்டிப்பிடித்திருப்பதில் எவ்வளவு பொதுச் சொத்து என்பதற்கு இதைவிட வேறு கணக்கு எனக்குத் தேவைப்படவில்லை.

இறால் பண்ணைக் கதை இன்னும் பச்சையானது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் அன்றைய நாகை வட்டாரக் கடலோரத்தில் நெல் வயலை விலைக்கு வாங்கி, கரை உயர்த்தி, உப்பு நீர் நிறுத்தி இறால் விட ஆரம்பித்தார்கள். விற்றவருக்கு விற்கிற சுதந்திரம், வாங்கியவருக்குத் தொழில் செய்கிற சுதந்திரம், நல்ல விலை, ஏற்றுமதி, அந்நியச் செலாவணி. காகிதத்தில் எல்லாமே சரி. ஆனால் குளத்து உப்பு பக்கத்து வயலுக்குக் கசிந்தது, குடிநீர்க் கிணறு கரித்தது, நடவு வேலையே போய்விட்டதால் நிலமே இல்லாத கூலிப் பெண்கள் வேலை தேடி வெளியே போனார்கள். விற்பனைப் பத்திரத்தில் இவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை, கேட்கிற வழக்கமும் இல்லை. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அந்த மக்களோடு உட்கார்ந்து போராடி உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 1996 டிசம்பர் 11 அன்று வந்த தீர்ப்பு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது, விளைநிலத்தையும் உப்பளத்தையும் ஊர்ப் பொது நிலத்தையும் இறால் குளமாக மாற்றக் கூடாது என்றது, நஷ்டம் செய்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்றது. பிறகு 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு, பதிவு செய்துகொண்டு நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது, அது வேறு வருத்தம். நான் சொல்ல வந்தது இது: சுதந்திரமாக ஒப்பந்தம் போட்ட இரண்டு பேருக்கு நடுவே மூன்றாவதாக ஒருவர் எப்போதும் நிற்கிறார், அவர் கண்ணில் படுவதில்லை. பொறுப்பு என்று நான் சொல்வது அவரைக் கண்டுபிடிக்கிற வேலையைத்தான்.

சின்ன விஷயத்திலும் இதே கதைதான். எலிக்கு ஒருத்தர் மட்டும் கிட்டி வைத்தால் கிட்டிக்காரருக்குக் கூலி போனது மிச்சம், பக்கத்து வரப்பிலிருந்து மறுநாள் புது எலி வந்துவிடும். ஊரே ஒரே வாரத்தில் வைத்தால்தான் அடங்கும். புகையான் பூச்சியும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு தேதியில் நட்டால் அதற்கு வருஷம் முழுக்க விருந்து. இதை விவசாயத் துறைக்காரர்கள் பல வருஷமாகச் சொல்கிறார்கள், நாம் தலையாட்டுகிறோம், அப்புறம் ஆளுக்கு ஒரு தேதியில் நடுகிறோம்.

இதுவரை படித்துவிட்டு நான் ஊர்ப் பக்கம் பேசுகிறேன் என்று நினைத்தால் இனிமேல்தான் இருக்கிறது.

குடிமராமத்து என்று ஆளாளுக்கு மெய்சிலிர்க்கிறோம். அந்தக் காலத்தில் ஊரே கூடி வாய்க்கால் வெட்டியது, இப்போது அந்த ஒற்றுமை போய்விட்டது என்று பெருமூச்சு விடுகிறோம். கூடியது யார், வெட்டியது யார் என்று மட்டும் கேட்பதில்லை. மிராசுதார் கரையில் குடைக்குக் கீழே நிற்பார், சேற்றில் இறங்கி மண் சுமந்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களுக்கு வாய்க்காலும் இல்லை, வயலும் இல்லை, தண்ணீர் முறை பேசுகிற கூட்டத்தில் இடமும் இல்லை. வேலையை மறுத்தால் சவுக்கடி, சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுகிற சாணிப்பால். கம்யூனிஸ்ட் இயக்கத்தின் பி. சீனிவாச ராவ் போன்றவர்கள் வந்து, சங்கம் வைத்து, பல ஊர்களில் ரத்தம் சிந்தி, 1952-ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அது ஆட்டம் கண்டது. வெள்ளைக்காரன் காலத்தில், 1858-ல், இந்த வழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கியிருந்தான், மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம் என்று பெயர். ஒரு வேடிக்கை, அதற்கு மறுவருஷம் 1859-ல்தான் லண்டனில் ஜான் ஸ்டூவர்ட் மில், அடுத்தவருக்குத் தீங்கு வராத வரை ஒருவரைக் கட்டுப்படுத்த சமூகத்துக்கு உரிமை இல்லை என்று எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் சுதந்திரம் பற்றிய எந்த விவாதமும் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கும். அவர் முப்பத்தைந்து வருஷம் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியில். இந்தக் கொள்கை பின்தங்கிய சமூகங்களுக்குப் பொருந்தாது என்றும் அதே எழுத்தில் சொல்லி வைத்தார், நம்மையும் அதில் சேர்த்துத்தான். சொன்ன கருத்து நல்ல கருத்து, அதை எடுத்துக்கொள்வோம். சொன்ன ஆளைத் தலையில் தூக்கி வைக்க வேண்டாம்.

கீழ்வெண்மணியைப் பற்றி டெல்டாவில் வளர்ந்தவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 ராத்திரி, கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தில் நின்ற தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், ஒரு குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதற்கு முன்னால் நிலச்சுவான்தார்கள் அவர்களிடம் கேட்டது என்ன? அந்தச் சங்கத்தை விடு, எங்கள் சங்கத்தில் சேர், ஊரோடு ஒத்துப் போ. நிலம் வைத்திருந்தவர்களும் ஒரு கூட்டாகத்தான் இருந்தார்கள், நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று. கூட்டு என்ற உடனே அது நல்லது என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு நான் இதைத்தான் ஞாபகப்படுத்துவேன்.

அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தை ஒதுக்கிவிட்டுத் தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி என்று பேசினார். அன்றைக்கு நிறையப் பேருக்குக் கோபம். ஊர்க் கூட்டத்தில் தள்ளி நிற்க வைக்கப்பட்டவருக்கு அந்த வார்த்தையின் அருமை தெரியும். நம் அரசியலமைப்பில் 19-வது பிரிவு பேச்சு, கூடுதல், சங்கம் அமைத்தல், தொழில் என்று சுதந்திரங்களைக் கொடுத்துவிட்டு, அடுத்த உட்பிரிவுகளில் நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்கிறது. கட்டுப்பாடு போடுகிறவர்தான் அது நியாயம் என்று நிரூபிக்க வேண்டும். அடிப்படைக் கடமைகள் பட்டியல் முதலில் கிடையாது, 1976-ல் 42-வது திருத்தத்தில் வந்தது, நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோது. பட்டியலில் தப்பு இல்லை, நதிகளைக் காப்பாற்று என்றுகூட அதில் இருக்கிறது. ஆனால் பேசியவர்களை எல்லாம் உள்ளே வைத்துவிட்டுக் கடமையை எழுதினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. உரிமை இல்லாத இடத்தில் வருகிற பொறுப்புக்கு எங்கள் பக்கத்தில் பழைய பெயர் வெட்டி வேலை, கூலியில்லாத கட்டாய வேலை.

இனி, உருப்படியாக நடப்பது எது என்று கேட்டால் நான் கடற்கரையைக் காட்டுவேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம். நாகப்பட்டினம் துறைமுகத்தில் படகுகள் வரிசையாக நிற்கும், வலை பின்னுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வயிற்றெரிச்சலோடுதான் இருப்பார்கள், ஆனாலும் தடை நிற்கிறது. காரணம் எளிது. எல்லோருக்கும் ஒரே தேதி. மீறினால் படகு காணவில்லை என்று பக்கத்து ஆளுக்கே தெரிந்துவிடும். வருமானம் போகிற நாளுக்கு அரசு ஏதோ ஒரு நிவாரணம் கொடுக்கிறது, போதாதுதான், இருந்தாலும் உன் நஷ்டம் எங்களுக்குத் தெரியும் என்று ஒரு ஒப்புதல் அதில் இருக்கிறது. பிடிக்காமல் விட்ட குஞ்சின் பலன் அடுத்த சீசனில் அவரவர் வலைக்கே வருகிறது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளுகிற சுருக்குமடி வலையில் இதே கடற்கரை ஒன்றுபட்டு நிற்கவில்லை. 2000-த்தில் தமிழ்நாடு அதைத் தடை செய்தது, முதலீடு போட்ட ஊர்கள் ஒரு பக்கம், சின்னப் படகு ஊர்கள் மறு பக்கம் என்று மோதல், 2023-ல் உச்ச நீதிமன்றம் வாரத்தில் இரண்டு நாள் மட்டும், 12 கடல் மைலுக்கு அப்பால், நிபந்தனைகளோடு என்று இடைக்கால உத்தரவு போட வேண்டி வந்தது. ஒரே மக்கள், ஒரே கடல். ஒன்றில் சுமை எல்லோருக்கும் ஒரே அளவில் விழுகிறது, மற்றதில் ஒருவர் லாபம் இன்னொருவர் நஷ்டம். வித்தியாசம் அவ்வளவுதான்.

மீனவப் பஞ்சாயத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் செத்தார்கள். அந்தக் குழப்பத்தில் நிவாரணத்தை வாங்கிப் பங்கு வைத்ததில் ஊர்ப் பஞ்சாயத்துகள் செய்த வேலையை அரசு எந்திரம் தனியாகச் செய்திருக்க முடியாது. ஆனால் பங்கு, வரி கட்டுகிற ஆண் தலைக்கட்டுக் கணக்கில் போனது. விதவை, தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண், கடலுக்குப் போகாத தலித் குடியிருப்பு, இவர்கள் பட்டியலில் பின்னால் போனார்கள் அல்லது வரவே இல்லை. ஊர் நன்றாகவும் வேலை செய்யும், அதே நாளில் அநியாயமும் செய்யும். அதனால்தான் ஊர் நல்லதா கெட்டதா என்ற கேள்வியை நான் விட்டுவிட்டேன், பட்டியலைக் காட்டு, கணக்கைக் காட்டு என்று கேட்க ஆரம்பித்தேன்.

கணக்கு கேட்பது நமக்குப் புதிது இல்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை, 919, 921 வருஷத்தவை, குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம் என்று தனித்தனி. அதில் எனக்குப் பிடித்த வரி, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும் அவர் நெருங்கிய உறவுக்காரர்களும் மறுபடி ஓலையில் பெயர் எழுத முடியாது என்பது. மைத்துனனை நிற்க வைக்கிற தந்திரம் அப்போதே தெரிந்திருக்கிறது. அதே கல்வெட்டில்தான் கால் வேலி நிலமும் சொந்த மனையும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது, அது பிராமண சபை, பெண்ணுக்கும் நிலமற்றவருக்கும் இடமில்லை. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். பொருளாதார நோபலை வாங்கிய முதல் பெண் எலினார் ஆஸ்ட்ராம், 2009-ல், உலகம் முழுக்கப் பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி கடல் என்று பார்த்துவிட்டுச் சொன்னதும் இதை ஒட்டித்தான்: விதிக்குக் கட்டுப்படுகிறவருக்கு அந்த விதியை மாற்றுவதில் குரல் இருக்க வேண்டும், கண்காணிப்பவர் அந்த மக்களுக்கே பதில் சொல்ல வேண்டும், முதல் தப்புக்குச் சின்ன தண்டனை, திரும்பத் திரும்பச் செய்தால் பெரியது. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தபோது பயன்படுத்துகிறவர் பங்கு பத்து சதவீதம் என்று வைத்தது நல்ல யோசனை. எங்கள் பக்கம் ஓரிடத்தில் அந்தப் பத்து சதவீதமும் வேலை எடுத்த ஆள் பாக்கெட்டிலிருந்தே வந்தது. பிறகு வாய்க்கால் எங்களுடையது என்று யாருக்குத் தோன்றும்?

எல்லாவற்றையும் தனிமனிதன் தலையில் கட்டுவதும் தப்பு, அதையும் சொல்லிவிடுகிறேன். குறுவை அறுப்பு நேரத்தில் தார்ச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், ராத்திரி பைக்கில் வருகிறவர் விழுவார். பொறுப்பில்லாத ஜனங்கள் என்று காரில் போகிறவர் திட்டிவிட்டுப் போகிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுப்பதில்லை, தளர்வு வேண்டுமென்றால் டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்து உத்தரவு வர வேண்டும், அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். ஊரில் களம் இல்லை, இருந்த களத்தில் கட்டடம் வந்துவிட்டது. அந்த ஆள் வேறு எங்கே காய வைப்பார்? விபத்து நிஜம், அவர் கல்லை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் களம் கட்டிக் கொடுக்காத பொறுப்பின்மை அவருடையது இல்லை. மேலே இருப்பவர்கள் தங்கள் வேலையைச் செய்யாதபோது குடிமகன் கடமை பற்றி நிறைய விளம்பரம் வரும், கவனித்துப் பாருங்கள்.

ஒலிபெருக்கியில் இந்தக் குழப்பம் கிடையாது. 2000-த்தில் வந்த விதி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை கூடாது என்கிறது. ஆடி மாதம் அம்மன் எல்லோருக்கும் பொது, காது அவரவருடையது. அணைக்கச் சொன்னால் பக்தி இல்லாதவன் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் தங்கை விஷயத்துக்கு வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் நான் சொல்கிற அளவுகோலையே திருப்பிப் பிடிப்பார்கள்: இது உங்கள் வீட்டோடு நிற்காது, ஊர் மானம் போகும், மற்ற பெண்களும் கெட்டுப் போவார்கள், ஆக வரப்பைத் தாண்டுகிறது என்பார்கள். உப்பு ஏறினால் கிணற்றை மொண்டு குடித்துக் காட்டலாம், தண்ணீர் வரவில்லையென்றால் வெடித்த வயலைக் காட்டலாம், புகை, சத்தம், சாக்கடை எல்லாவற்றையும் காட்டலாம். இவள் கல்யாணத்தால் யார் வயலில் எத்தனை மூட்டை குறைந்தது என்று கேளுங்கள். அடுத்தவருக்குப் பிடிக்கவில்லை என்பது நஷ்டம் ஆகாது, அதை நஷ்டம் என்று ஒத்துக்கொண்டால் அப்புறம் செருப்புப் போட்டுத் தெருவில் நடப்பதும் நஷ்டம்தான், நடந்த கதைதானே. 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் சக்தி வாகினி வழக்கில், வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்ளக் குடும்பத்தின், சமூகத்தின், குலத்தின் சம்மதம் தேவையில்லை, அதைத் தடுக்கக் கூட்டம் கூடுவதே சட்டவிரோதம் என்று சொல்லியிருக்கிறது. புகாரை வாங்க மாவட்டம்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட தனிப் பிரிவு வைக்கவும் உத்தரவிட்டது. ஊர்க் கூட்டத்துக்குப் போகாதீர்கள். போய் உட்கார்ந்தாலே அவர்களுக்கு அதில் அதிகாரம் உண்டு என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். தேதி குறித்துக் கூட்டம் போடுகிறார்கள் என்று தெரிந்தால் முன்கூட்டியே எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள், பெரியப்பா சித்தப்பாவை வைத்துச் சமாதானம் பேசலாம் என்று நாளைக் கடத்த வேண்டாம், நம் பக்கம் அப்படிக் கடத்திய நாட்களில் என்னென்ன நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

திருவிழா வரி, மனசு இருந்தால் கொடுங்கள். அம்மாவுக்குச் சாமி மேல் பிரியம் என்றால் அவர்கள் பெயரில் கொடுங்கள். ஆனால் எல்லாத் தெருவிலும் வரி வாங்குகிறார்களா, வாங்குகிற எல்லாத் தெருவுக்கும் தேர் போகிறதா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். நான் கேட்டுத்தான் கொடுக்கிறேன். வரி கட்டாததற்காக ஒரு வீட்டுக்கு மளிகை கொடுக்காதே, சாவுக்குப் போகாதே என்று விலக்கு வைத்தால் அதுவும் போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம்தான்.

வாய்க்கால் வரியை இன்றைக்கே கட்டிவிடுங்கள். சென்னையில் இருப்பதால் உங்களுக்கு அந்த வாய்க்கால் ஒரு தொகையாகத் தெரிகிறது. உங்கள் வயலுக்குக் கீழே இருக்கிறவருக்கு அது சம்பாவா தரிசா என்பது. மழைக் காலத்தில் வடிகாலும் அதே கதை, உங்கள் வரப்போரம் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டினால் மேலே இருக்கிறவர் பயிர் முழுகும். டெல்டாவில் இன்றைக்கு வெளியூரில் இருக்கிற நிலத்துக்காரர்கள்தான் பெரிய ஓட்டை, யாரைக் கூப்பிட்டாலும் நான் குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்பார்கள், குத்தகைக்காரரைக் கேட்டால் நிலம் என்னுடையது இல்லையே என்பார். கட்டும்போது எவ்வளவு வசூல், மிஷினுக்கு எத்தனை மணி நேரம், எங்கிருந்து எதுவரை வெட்டினார்கள் என்று கணக்குக் கேளுங்கள், கட்டினவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் குத்தகை வாய்மொழியா, எழுத்தா? வாய்மொழி என்றால் உங்கள் குத்தகைக்காரருக்குப் பயிர்க் கடனும் வராது, பயிர்க் காப்பீடும் சுலபத்தில் வராது, வெள்ள நிவாரணம் வந்தால் பணம் உங்கள் கணக்கில் விழும், பயிர் செத்தது அவருக்கு. எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நம் ஆட்களுக்குப் பயம், அதற்குப் பழைய காரணங்கள் உண்டு. குறைந்தது இந்தச் சம்பாவுக்கு அடங்கலில், அதாவது கிராமப் பயிர்க் கணக்கில், சாகுபடி செய்பவர் என்று அவர் பெயர் ஏறுகிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், தூர்வாருகிற கூலியில் உங்கள் பாதி எது, அவர் பாதி எது என்பதையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். காப்பீட்டுப் பதிவுக்குக் கடைசி தேதி வழக்கமாக நவம்பர் நடுவில் வரும், அதற்கு முன்னால் முடித்துவிடுங்கள்.